பல்லுப் போன பஞ்சாயத்து

வாடா கண்ணு, உட்காரு. ஆபீஸ்லேர்ந்து வந்ததும் வராததுமா போனைப் பார்த்துட்டு, "எதிரி அடிக்கறதுக்கு முன்னாடி நாம அடிச்சுடணும் தாத்தா, ஐ.நா.வாவது மண்ணாங்கட்டியாவது"ன்னு ஒரு போடு போட்டியே, அசந்துட்டேன். ஒயிட்ஃபீல்டுல கம்ப்யூட்டர் தட்டற பையன்னு நெனச்சேன். உள்ளுக்குள்ள ஒரு தளபதியே குடியிருக்கான். நான் பென்னாகரத்துப் பக்கம் கடலைக்காட்டுல கெடந்தவன். யுத்தம் தெரியாது. காவிரி கொஞ்சம் தெரியும்.

முந்தி அடிக்கறதுல ஒரு சவுகரியம் இருக்கு, ஒத்துக்கறேன். எதிராளி தப்புப் பண்ணினானான்னு பார்க்க வேண்டாம். பண்ணப்போறான்னு நமக்குத் தோணினாப் போதும். சாட்சி நாமே, வக்கீல் நாமே, ஜட்ஜும் நாமே. கோர்ட்டுச் செலவு மிச்சம். 2003 மார்ச்சுல அமெரிக்காக்காரன் ஈராக்குல எறங்கினது இந்தச் சிக்கனத்துலதான். பேரழிவு ஆயுதம் பதுக்கியிருக்கான்னு சொல்லி குண்டு போட்டான். அப்புறம் அவனே அனுப்பின ஆளுங்க சல்லடை போட்டுத் தேடிட்டு, 2004 அக்டோபர்ல, பதுக்கின ஆயுதம் ஒண்ணும் கெடைக்கலேன்னு அறிக்கை எழுதினாங்க. தண்டனையை மொதல்ல குடுத்துட்டுக் குத்தத்தை அப்புறமாத் தேடினா இப்படித்தான் கண்ணு, குத்தம் கெடைக்காமப் போயிடும்.

நம்மகிட்டயும் பட்டாளம் கேட்டான். 2003 ஜூலை 14ல வாஜ்பாய் சர்க்கார் என்ன சொல்லுச்சு தெரியுமா? ஐ.நா. வெளிப்படையா உத்தரவு குடுத்தா யோசிக்கிறோம்னு. பயந்தாங்கொள்ளின்னு சொல்லிடாதே, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடிதான் பொக்ரான்ல அணுகுண்டு வெடிச்ச மனுஷன் அவரு.

சரி, வெளிநாட்டை விடு. "நாட்டு நலன்தான் பெருசு"ன்னு சொல்றியே, அதோட தம்பி ஒருத்தன் இருக்கான், மாநில நலன்னு பேரு. அவன் ஆடின ஆட்டம் இந்தப் பெங்களூருக்குத் தெரியும். 1991 ஜூன்ல காவிரி நடுவர் மன்றம், தமிழ்நாட்டுக்கு வருஷம் 205 டி.எம்.சி. விடணும்னு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. கர்நாடகா உடனே ஒரு அவசரச் சட்டம் கொண்டாந்துச்சு: எங்க விவசாயிக்கு என்ன வேணுமோ அதை நாங்களே பார்த்துக்குவோம்னு. நீ இன்னிக்குச் சொல்ற நியாயமேதான். நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு, தன் வழக்குக்குத் தானே ஜட்ஜா உட்கார முடியாதுன்னு சொல்லித் தூக்கி எறிஞ்சுது. கோர்ட்டுல தோத்த ஆத்திரத்தை டிசம்பர்ல தெருவுல காட்டினாங்க. இங்க இருந்த நம்ம தமிழ் ஜனங்க வீடு எரிஞ்சு, மூட்டையும் முடிச்சுமா ரயிலேறினது உங்கப்பனைக் கேட்டாச் சொல்லுவான்.

2016 செப்டம்பர் 12 உனக்கே ஞாபகம் இருக்கும். அதே காவிரிச் சண்டையில மைசூர் ரோட்டுப் பக்கம் டி.என். நம்பர் போட்ட பஸ்ஸெல்லாம் வரிசையா எரிஞ்சுது. நம்ம ஆளுங்க மட்டும் புத்தருன்னு சொல்லலே. அதே நாள் விடியக்காலம் சென்னையில ஒரு கர்நாடகக்காரர் ஓட்டல் மேல பெட்ரோல் குண்டு விழுந்துச்சு. ரெண்டு பக்கமும் வீரம் பொங்குச்சு. கிருஷ்ணராஜ சாகர் அணையில ஒரு சொட்டு கூடினதா எனக்குச் சேதி வரலே.

தண்ணி எங்கேர்ந்து வந்துச்சுங்கறே? 2018 பிப்ரவரி 16ல சுப்ரீம் கோர்ட்டுலேர்ந்து. ரெண்டு மாநிலத்துல பாயற ஆறு யாருக்கும் சொந்தமில்லேன்னு சொல்லிட்டு, ஆளாளுக்குப் பங்கு போட்டுச்சு: தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி., கர்நாடகாவுக்கு 284.75. அந்தப் பங்குக்கு நியாயம் பார்க்க, 1966ல ஹெல்சிங்கில நாடுகளுக்கு நடுவுல ஓடற ஆறுகளுக்காக எழுதின விதியையும் புரட்டிப் பார்த்தாங்க. நீ மண்ணாங்கட்டின்னு சொன்ன உலக நியாயம் நம்ம எல்லையில இருக்கற பிலிகுண்டுலு வரைக்கும் வந்து நிக்குது பாரு. அங்க ஆத்துல அளவு பார்க்கறாங்க. ஜூன் மாசத்துக்கு 9.19, ஜூலைக்கு 31.24ன்னு புள்ளி வெச்சுக் கணக்கு. எந்தப் பீரங்கியாவது புள்ளி வெச்சு எண்ணியிருக்கா?

இன்னொரு ரகசியம் சொல்றேன், ஊர்ல சொல்லிடாதே. அந்தத் தீர்ப்புலதான் பெங்களூருக் குடிதண்ணிக்குன்னு 4.75 டி.எம்.சி. தமிழ்நாட்டுப் பங்குலேர்ந்து வெட்டிக் குடுத்தாங்க. நீ ஷவர்ல நின்னுக்கிட்டு அரைமணி நேரம் பாடறது எங்க டெல்டாக்காரன் தண்ணியில. அவன் முந்தி அடிச்சிருந்தா நீ சொம்புலதான் குளிச்சிருப்பே.

"ஐ.நா. பல்லில்லாத கெழம், அஞ்சு பேருக்கு வீட்டோவைக் குடுத்துட்டுச் சும்மா ஒக்காந்திருக்கு"ங்கறே. வாஸ்தவம். தீர்ப்புச் சொல்ற சொம்பையும் வெச்சுக்கிட்டு, தீர்ப்புக்குக் கட்டுப்பட மாட்டேன்னும் சொல்ற நாட்டாமை அஞ்சு பேரு. அந்தச் சொம்பைப் புடுங்கணும்னு நீ கெளம்பினா, கைத்தடியைத் தூக்கிக்கிட்டு நானும் வர்றேன். ஆனா காவிரி நடுவர் மன்றம் 1990ல பொறந்துச்சு; சொன்னதைச் செய்ய வைக்க மேலாண்மை ஆணையம் வந்தது 2018 ஜூன்ல. பல்லு மொளைக்க 28 வருஷம். ஒரே கொடி, ஒரே நோட்டு இருக்கற தேசத்துக்குள்ளயே இந்த லட்சணம்னா, உலகத்துக்கு நாளாகாதா? எனக்குப் பல்லு போனப்ப பல்செட்டுதானே கட்டிவிட்டே? கெழவன் எதுக்குன்னு குழி வெட்டலியே?

அப்பவும் முந்தணும்னு கை அரிச்சா, முந்தறதுக்கு நல்ல வழி ஒண்ணு இருக்கு. நம்ம நாட்டுக்காரர் குல்பூஷண் ஜாதவுக்கு பாகிஸ்தான் தூக்குன்னு சொன்னப்போ, 2017 மே மாசம் நம்ம சர்க்கார் விமானத்தை அனுப்பலே. ஹேக்ல இருக்கற சர்வதேச கோர்ட்டுக்கு வக்கீல் ஹரீஷ் சால்வேயை அனுப்புச்சு. பத்தே நாள்ல தூக்குக்குத் தடை. 2019 ஜூலையில, தண்டனையை மறுபடி பரிசீலிக்கணும், நம்ம தூதரக ஆளுங்களைப் பார்க்க விடணும்னு தீர்ப்பு. ஆளு இன்னும் வீடு வந்து சேரலே, மறைக்கலே. ஆனா கயிறு நின்னுச்சு. வக்கீல் வாங்கின ஃபீஸு ஒரு ரூபாய்னு அப்போ வெளியுறவு மந்திரியா இருந்த சுஷ்மா சுவராஜ் சொன்னாங்க.

ஒரு ஏவுகணை என்ன விலைன்னு உன் போன்ல தட்டிப் பார்த்துச் சொல்லு கண்ணு. ஒரு ரூபாய்க்குக் கீழே இருந்தா, யுத்தத்தைப் பத்தி மேல பேசுவோம்.