டேக் போகுதுங்ண்ணா

அப்பா-மகள் பாட்டுச் சேனல் நடத்துகிறவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்து பாருங்கள். சங்கீதத்தின் மேல் உள்ள மரியாதையே போய்விடும்.

நம்மவர் திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர். பல்லடம், குடிமங்கலம் எல்லாம் தாண்டி உடுமலையில் பஸ் இறங்க ராத்திரி ஒன்பது ஆகும். மூன்றரை வயசு மகளுக்குக் கண் சொக்கும் நேரம் அது. இவருக்கோ அப்போதுதான் பாட்டு ஊறும். பல் தேய்க்கப் பாட்டு, கீரை தின்னப் பாட்டு, எல்லாம் சொந்தச் சரக்கு. “நாள் பூரா கம்பெனியில கெடக்கறோம். புள்ளையோட ஒட்டறதுக்குப் பாட்ட விட்டா வேற ஏதுங்ண்ணா?” என்பார். நியாயமான பேச்சுதான். அந்தப் பேச்சோடு நிறுத்தியிருக்கலாம்.

பகலில் சாம்பிளுக்கு ஒப்புதல் வாங்கப் பையரிடம் படுகிற பாட்டையெல்லாம் ராத்திரி பாப்பாவிடம் இறக்கிவைக்கிறார். முதல் தடவை பாடினால் அது ஃபிட் சாம்பிள். “சுருதி அர இஞ்சு கம்மி கண்ணு, மறுபடியும்.” அடுத்தது சைஸ் செட். குழந்தை ‘கீரை’யைக் ‘கீயை’ என்கிறது. ரிஜெக்ட். மழலைக்கு எதுக்கப்பா அளவு என்று கேட்டேன். “டாலரன்ஸ் தாண்டிருச்சுங்ண்ணா.” மூன்றாவது, தயாரிப்புக்கு முந்தைய பி.பி. சாம்பிள். சுருதி, உச்சரிப்பு எல்லாம் சரியாக வந்து கடைசி அடியில் ஒரு கொட்டாவி. அதுவும் ரிஜெக்ட். இதற்குள் மகள் சிணுங்கினால் ஒரு மிட்டாய். அது ஏர் ஷிப்மெண்ட் செலவு மாதிரி, அவர் தலையில்.

ஆடிக் காற்று வேறு. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிளம்பி வருகிற காற்று இவருடைய மைக்கைப் பார்த்துத்தான் வருகிறது. அதனால் ஜன்னலைச் சாத்தி, அலமாரிக் கதவில் பனியன் வேஸ்ட் துணியை மெத்தைபோல் ஒட்டி, குழந்தையை அதன் முன்னால் நிறுத்தியிருக்கிறார். ஃபேன் கூடாது. குக்கர் விசில் கூடாது. திருமூர்த்தி அணைத் தண்ணீர் குழாயில் வரும் நாளாகப் பார்த்து, என் மோட்டாரும் கூடாது. காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலை முளைக்கும்: “ஒரு அர மணி நேரமுங்ண்ணா, டேக் போகுது.”

அந்த வீட்டில் அம்முச்சி ஒருவர் உண்டு, மனைவியைப் பெற்றவர். பேத்திக்குச் சோறூட்டும்போது வாசலில் காக்காயைக் காட்டி, பராசக்தி படத்துக் காக்கைப் பாட்டைப் பாடுவார். சுருதி எங்கேயோ இருக்கும், பாதி வார்த்தை அவருடையதே. பாப்பா கையைத் தட்டிக்கொண்டு கிண்ணத்தைக் காலிசெய்துவிடும். ஒருநாள் போனும் கையுமாக நம்மவர் வந்து நின்றார். “அத்தை, இந்தப் பாட்டு வேண்டாமுங்க. காப்பிரைட் அடிச்சிருவானுக.” அந்த அம்மாள் பாதியில் நிறுத்திவிட்டார். பாப்பாவும் வாயை மூடிக்கொண்டது.

1952இல் வந்த அந்தப் பாட்டை எழுதியவர், இதோ இங்கே பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயணகவி. “கவிராயர் மண்ணுங்ண்ணா இது” என்று சேனல் முகப்பில் போட்டுக்கொண்டவரும் இதே மாப்பிள்ளைதான்.

இங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் ஒன்பதாம் மாசக் குழந்தை கைகொட்டுவதற்கென்றே சப்பாணிப் பருவம் என்று ஒன்றை வைத்தார்கள். கொட்டு என்று கொஞ்சினார்களே தவிர, தாளம் தப்பினால் திருப்பிக் கொட்டச் சொல்லவில்லை. தூக்கத்துக்கு அழுகிற பிள்ளையை ராத்திரி பத்தரைக்கு நிற்கவைத்துப் பாடச் சொல்வதற்கு என்ன பெயர் வைத்தாலும், அது பாசம் ஆகாது. மோட்டார் போகட்டும். பிள்ளையைத் தூங்கவிடுங்கள்.

ஆனாலும் ஆளை முழுக்க வெறுக்க முடியவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் இடமில்லை என்று வந்துவிட்டது. மனுஷன் வேறு வழியில்லாமல் திண்ணையில் மல்லாந்து படுத்து, மகளை வயிற்றில் உட்காரவைத்து, கீரைப் பாட்டைக் கண்டமேனிக்குக் கத்தினார். அவருக்கே ‘கீயை’ என்றுதான் வந்தது. பாப்பா சிரித்த சிரிப்பில் என் வீட்டு நாய் எழுந்து பார்த்தது. ரெண்டு பேரும் மதியம் வரை பாடினார்கள். நானும் நிம்மதியாகத் தொட்டியை நிரப்பிக்கொண்டேன்.

மறுநாளே தவணையில் 256 ஜிபி போன் வாங்கிவிட்டார்.