தட்டினால் ஓடும்

மீன் தொட்டியின் ஏர் பம்ப் நின்றுவிட்டது. தட்டினேன், ஓடியது. கையை எடுத்தேன், நின்றது. மறுபடி தட்டினேன், ஓடியது. ஞாயிற்றுக்கிழமை இப்படியே போயிற்று. தட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும்.

தட்டுவதில் எங்கள் வீட்டில் பல கட்சிகள். மாமனார் விரல்முட்டிக் கட்சி. கண்ணை மூடி, பம்ப்பில் காதை வைத்துக் கேட்டு, இரண்டே தட்டு. "மாப்ளே, நீங்க நடுவுல தட்டுறீங்க. வலது மூலையில தட்டணும்" என்பார். பம்ப் இருப்பது குளியல் சோப்பு அளவு. அதில் மூலை ஏது, நடு ஏது? என் மனைவி கரண்டிக்காம்புக் கட்சி. ஒரே தட்டுத்தான், அந்தச் சத்தத்தில் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் பையன்கூட எழுந்து படிக்கப் போய்விடுவான், பம்ப் மட்டும் அசையாது. மேல்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன், டெஸ்டர்பிடிக் கட்சி. தட்டுவதற்கு முன் சுவிட்சை அணைக்கச் சொல்வார். அணைத்துவிட்டுத் தட்டினால் ஓடியதா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சேஃப்டி முக்கியம் சார்" என்றார். அணைத்தோம், தட்டினார், ஓடவில்லை. "பாத்தீங்களா, நான் நெனச்சேன்" என்றார்.

மச்சினன் தட்டுகிற ஆளே இல்லை. அரை அடி தூக்கி, ஸ்டூலின் மேல் தொப்பென்று வைப்பான். "தட்டுறதெல்லாம் பழைய காலம் மாமா. இம்பாக்ட் முழுசா பரவணும்." இன்ஜினியரிங் படித்த பிள்ளை. என் அம்மா பம்ப்பைத் தட்டமாட்டார், என்னைத் திட்டுவார். அதற்கும் அது ஓடியிருக்கிறது. பாத்திரம் தேய்க்க வரும் அக்கா ஒருவர்தான் தொட்டுப் பார்த்து, "சூடா இருக்குண்ணே, கொஞ்ச நேரம் நிறுத்தி வைங்க" என்றார். இத்தனை பேரில் உருப்படியாகப் பேசியவர் அவர் ஒருவரே. ஆகவே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு எரிச்சல் தட்டுவதில் இல்லை, அதற்குப் பிறகு வரும் உரிமைச் சண்டையில். யார் தட்டி ஓடியது என்று தீர்ப்பாகவேண்டும். மதியம் கரண்ட் போயிற்று. அப்போதும் மாமனார் போய் இரண்டு தட்டு தட்டிவிட்டு வந்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் பம்ப் கொர்ரென்று ஓடியது. "வலது மூலை" என்றார், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். மனைவி முகத்தில் அப்படி ஒரு பெருமை. கரண்டிக்காம்பை அவள் கைவிட்டது அந்த நிமிஷத்தில்தான்.

சிரிக்கவேண்டாம், தட்டினால் ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு காயில், அதன் எதிரே நுனியில் காந்தம் ஒட்டிய சின்னக் கை, அந்தக் கையோடு ஒரு ரப்பர் கிண்ணம். அவ்வளவுதான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்தக் கை நொடிக்கு 50 தடவை ஆடும். நாளைக்கு 43 லட்சம் தடவைக்கு மேல். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு எனக்கு பம்ப் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. கை கொஞ்சம் இடம் மாறினால் தட்டுகிற அதிர்ச்சியில் திரும்பி உட்காரும். ரப்பர் கிழிந்துவிட்டால் யார் தட்டியும் பயனில்லை. சத்தம் வரும், காற்று வராது. பவர் ஃபில்டர் இன்னும் விசேஷம். அதன் விசிறியே ஒரு காந்தம்தான். பிளக்கைப் போட்டால் இந்தப் பக்கம் சுற்றலாமா அந்தப் பக்கம் சுற்றலாமா என்று அதற்கே நிச்சயம் கிடையாது. போர் தண்ணீர் உப்பு படிந்து இறுகினால் எந்தப் பக்கமும் சுற்றாமல் முனகும். எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டமும் இப்படித்தான்.

எங்கள் பம்ப்பிலும் கடைசியில் சத்தம் மட்டும்தான், காற்று இல்லை. ஆக, வேண்டியது ஒரு ரப்பர் கிண்ணம். கொளத்தூருக்குப் போனேன். வண்ண மீனுக்கு அதைவிட்டால் வேறு இடம் ஏது? தெருத்தெருவாக மீன். பாலிதீன் பையில் மீன், பாட்டிலில் மீன், அண்டாவில் மீன். ரப்பர் மட்டும் இல்லை. "அது தனியா வராது சார். புது பம்ப்பே வாங்கிடுங்க." சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ரப்பர் கிழிந்ததற்கு காயில், காந்தம், ஒயர், டப்பா எல்லாவற்றையும் குப்பையில் போடவேண்டுமாம். மெரினாவில் 1909-லேயே மீன் காட்சியகம் திறந்த ஊர் இது. நூறு வருஷத்துக்கு மேல் மீன் வளர்த்தும் ஒரு ரப்பரைத் தனியாக விற்க நமக்குத் தெரியவில்லை. இதைக் கடைப் பையனிடம் சொன்னேன். "கார்டா கேஷா சார்?" என்றான்.

இதற்குள் வீட்டிலிருந்து போன். கோல்டு ஃபிஷ் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதாம். "உன் கூட பேசணும்னு நெனக்குதுடா" என்கிறார் அம்மா. மூச்சுக்குத் தவிக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது? 30 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்தாலே அதிகம். இதில் தொட்டி நிறைய மீன். கௌராமி மட்டும் கவலையே படவில்லை. அது மேலே வந்து காற்றையே நேராகக் குடிக்கிற ஜாதி. இன்வெர்ட்டர் வைத்த வீட்டுக்காரர்போல மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றதாம். குமிழி வருவதைவிடத் தண்ணீரின் மேல்பரப்பு கலங்குவதுதான் முக்கியம். அதனால் ஒரு மக்கால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றச் சொன்னேன். முறை போட்டு ஊற்றினார்கள். மாமனார் ஊற்றும்போது மக்கைத் தொட்டியின் வலது மூலையில் பிடித்தார் என்று பையன் தனியாகச் சொன்னான்.

புது பம்ப்பைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, "ஹீட்டர் ஒண்ணு போட்டுக்கறீங்களா சார்? மீனுக்கு நல்லது" என்றான் கடைப் பையன். மே மாதம். சென்னை. என் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. தண்ணீர் 26 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் அந்த ஹீட்டர் முழித்துக்கொள்ளுமாம். வாங்கிவிட்டேன். கெட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. மாமனாரும் அதை எங்கே தட்டுவது என்று கேட்கமாட்டார்.