ஓடாத லாரிக்கு ஓனர்

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கோவிலம்பாக்கத்தில் இரண்டு வகை லாரிகள் உண்டு. ஒன்று, ரேடியல் ரோட்டில் துரைப்பாக்கத்தைப் பார்த்து வழியெல்லாம் சொட்டிக்கொண்டு பறக்கிற தண்ணி லாரி. இன்னொன்று, உள்தெருவில் மூன்றாவது மாடி ஃபிளாட்டின் டைனிங் டேபிள் மேல் நிற்கிற ஜெர்மன் ராணுவ லாரி. முன்னது நிற்காது, பின்னது ஓடாது. பின்னதன் ஓனரைப் பற்றித்தான் பேச்சு.

நம்மவருக்கு வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் டெலிவரி மேனேஜர். ஆபீஸில் எப்படியோ, வீட்டில் இதுவரை எதையும் டெலிவரி செய்ததில்லை. கட்டிலடியிலும் லாஃப்ட்டிலும் பீரோவுக்குப் பின்னாலும் பிரிக்காத பிளாஸ்டிக் மாடல் கிட் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. பார்சல் வரும் நாள் அவருக்கும் வாட்ச்மேனுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அந்த ரகசியத்துக்காகத் தீபாவளி இனாமில் வாட்ச்மேனுக்கு ஒரு நூறு கூடுதல்.

இப்போது டேபிளில் இருப்பது ஓப்பல் பிளிட்ஸ். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் பெட்ரோலும் ரொட்டியும் குண்டும் ஏற்றிப்போன 3 டன் லாரி. நிஜத்தில் 6 மீட்டர் நீளம், இங்கே 17 சென்டிமீட்டர். கிட் இத்தாலியில் வார்த்தது, பெயின்ட் ஜப்பானில் கலந்தது, லாரியோ ஜெர்மனியுடையது. போரில் தோற்ற அச்சு நாடுகள் மூன்றும் இத்தனை வருஷம் கழித்துக் கோவிலம்பாக்கத்தில் ஒன்று கூடியிருக்கின்றன. அமெரிக்காவையும் விட்டுவிடக் கூடாது. 1931-லேயே ஓப்பல் முழுக்க ஜெனரல் மோட்டார்ஸின் சொத்தாகிவிட்டது. ஹிட்லருக்கு லாரி போட்டது டெட்ராய்ட் கம்பெனியின் பிள்ளை என்பதை நம்மவர் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார். பக்கத்து இலைக்காரர் ரசத்துக்காகக் காத்திருப்பார்.

‘ஒன் பை தேர்ட்டி ஃபைவ்’ என்று அவர் உச்சரிப்பதைக் கேட்டால் ஏதோ மந்திரம் என்று தோன்றும். நிஜத்தை முப்பத்தைந்தில் ஒரு பங்காக்குவது. இந்த 35 எங்கிருந்து வந்தது? ஜப்பானில் ஷிஸுவோகாவில் மரக்கடையாக 1946-ல் ஆரம்பித்த டாமியா கம்பெனி, அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பாந்தர் டாங்க் பொம்மை செய்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும். அடங்கியது. பிறகு அளந்து பார்த்தால் ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்கு. பேட்டரிக்காக வந்த அளவை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க நம்மவர்கள் அரை மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிறார்கள்.

இவர் வேலை செய்வதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்து, ட்வீசரில் எள்ளளவு கதவுக் கைப்பிடியைத் தூக்குவார். அது ‘டிக்’ என்று தெறிக்கும். உடனே “யாரும் அசையாதீங்க!” என்று ஒரு அலறல். சமையற்கட்டில் மனைவி கரண்டியோடு அப்படியே நிற்க வேண்டும். தரையில் குப்புறப் படுத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துத் தேடுவார். போன மாதம் தொலைந்த கண்ணாடி கிடைக்கும், பையனின் பல் கிளிப் கிடைக்கும், கைப்பிடி மட்டும் கிடைக்காது.

எஞ்சினைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆறு சிலிண்டர், 3.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். கிட்டில் அது சுண்டுவிரல் முனை அளவுக்கு வரும். பழைய இயர்போனை அறுத்து, உள்ளிருக்கும் செம்புக் கம்பியை உரித்து, ஆறு பிளக்குக்கும் வயர் கொடுத்தார். ஆயில் கசிந்த கறை கூட வைத்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. பிறகு பானெட்டைப் பசை போட்டு மூடிவிட்டார். இனி அந்த எஞ்சினை யாரும் பார்க்க முடியாது. “அப்புறம் எதுக்குங்க வயர் குடுத்தீங்க?” என்றாள் மனைவி. “உள்ளே இருக்குன்னு எனக்குத் தெரியும்ல?” என்றார். வீட்டு மோட்டாரின் கெப்பாசிட்டர் போய் இரண்டு நாளாகிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

அடுத்தது கலர். 1943 பிப்ரவரியில் ஜெர்மன் ராணுவம் சாம்பல் நிறத்தை விட்டு ஒரு மங்கிய மஞ்சளுக்கு மாறியது. அந்த மஞ்சள் எந்த மஞ்சள் என்பதில் நம்மவருக்கும் ஹைதராபாத்தில் இருக்கும் இன்னொரு நம்மவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போர்முனையில் பச்சையும் செம்பழுப்பும் டப்பாவில் பசையாக வந்து சேரும். சிப்பாய்கள் அதைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ, கைக்குக் கிடைத்ததில் கரைத்து அடித்துக்கொண்டார்கள். அவன் அவசரத்துக்கு அடித்த கலருக்கு இவர் சொட்டுக் கணக்குப் பார்க்கிறார். இதே மனுஷரைப் போத்தீஸுக்குக் கூட்டிப் போய், “இது சந்தனக் கலரா, மஸ்டர்டா?” என்று கேட்டுப் பாருங்கள். “ரெண்டும் மஞ்சள்தானே” என்பார்.

ஐப்பசி, கார்த்திகையில் பெயின்ட் வேலைக்கு லீவு. பள்ளிக்கரணைப் பக்கமிருந்து வரும் ஈரக் காற்றில் பெயின்ட் வெளுத்துப் பூத்துவிடும்.

கலர் காய்ந்த பிறகுதான் உச்சக்கட்டம்: வெதரிங். பளபளவென்று இருக்கும் புது லாரியை அடிபட்டு, துருப்பிடித்து, சேறு அப்பியதாக மாற்றும் கலை. சொந்தக் காரில் காக்கை எச்சம் விழுந்தால் கார் துடைக்கும் பையனைக் கூப்பிட்டு ஒரு சொற்பொழிவு ஆற்றுகிறவர், இங்கே பூஜ்ய நம்பர் பிரஷ்ஷால் புழுதியைத் தொட்டுத் தொட்டு வைப்பார். புழுதிக்கு மாதிரி வேண்டுமே. கோவிலம்பாக்கத்தில் அதற்கா பஞ்சம்? ஒரு சனிக்கிழமை காலை தண்ணி லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்குப் போய், ஒரு லாரியின் மட்கார்டடியில் குனிந்து துருவைப் போட்டோ எடுத்தார். இந்த வட்டாரத்தில் நிலத்தடி நீர் எடுப்பது எப்பேர்ப்பட்ட வில்லங்கமான சமாச்சாரம் என்று அவர் யோசிக்கவில்லை. நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

“சார், நீங்க யாரு? தாசில்தார் ஆபீஸா?”

“இல்லீங்க, சும்மா… துரு எடுக்கிறேன்.”

“துருவா? பிரஸ்ஸா சார் நீ?”

“இல்ல, வீட்ல ஒரு லாரி வச்சிருக்கேன். அதுக்கு இதே மாதிரி துரு வேணும்.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வயதில் மூத்த டிரைவர் ஒருவர்தான் கடைசியில், “விடுங்கப்பா, பாவம். வீட்ல யாரும் இல்லியா சார்? போன் நம்பர் இருந்தா குடு, சொல்லி அனுப்பறோம்” என்றார்.

சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. “ஆவடியில 1961-லேருந்து டாங்க் ஃபேக்டரி இருக்கே, நம்ம ஊர் வண்டியைச் செய்யக்கூடாதா?” எனக்கும் இந்தக் கேள்வி உண்டு. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மன் தளபதி ரோமெலை எதிர்த்து நின்ற படைகளில் நான்காம் இந்திய டிவிஷனும் ஒன்று. இந்தியச் சிப்பாய்கள் அந்தப் போரில் கனடாவில் செய்த ஷெவர்லே, ஃபோர்டு லாரிகளில் போனார்கள். அவற்றுக்கும் கிட் உண்டு. ஆனால் நம்மவருக்கு எதிரி லாரிதான் வேண்டும். ஓப்பலின் பிராண்டன்பர்க் ஆலையில் போர்க்கைதிகளையும் கட்டாயக் கூலிகளையும் வைத்து வேலை வாங்கினார்கள் என்ற பேச்சை எடுத்தால் முகம் வாடி, “தெரியும் சார், நான் வண்டியை மட்டும்தான் பார்க்கிறேன்” என்பார். நல்ல மனுஷர், அதில் சந்தேகமில்லை. ஆணி ஆணியாக வண்டியைப் பார்க்கிறவர், அந்த ஆணியை அடித்தது யார் என்றும் கொஞ்சம் பார்க்கலாம் என்பது என் கட்சி.

நவராத்திரியில் ஒரு நெருக்கடி வந்தது. கொலுப் படிக்குக் கீழே பார்க் போட்ட மனைவி, செட்டியார் கடைக்குப் பக்கத்தில் ரோடு போட்டு, லாரியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். “ஸ்கேல் ஒத்துவராது! அந்தச் செட்டியார் இந்த லாரியையே மடியில தூக்கி வச்சுக்குவார்!” என்று இவர் பதறினார். பக்கத்து ஃபிளாட் குழந்தை அதற்குள் அதை ‘டுர்ர்’ என்று ஓட்டி முடித்திருந்தது. சேதம்: ஒரு சைடு மிரர்.

இவரை நேருக்கு நேர் சந்தித்த ஒரே ஆள் மாமனார். திருச்செங்கோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். ஊரிலிருந்து வந்தவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

“ஏனுங்க மாப்பிள்ளை, கேபின் என்ன இப்படிப் பொட்டியாட்ட இருக்குது?”

இது கடைசிக் காலத்து மாடல் என்று நம்மவர் விளக்கினார். 1944 ஆகஸ்ட்டில் நேச நாட்டு விமானங்கள் ஓப்பல் ஆலையைக் குண்டு போட்டு நொறுக்கிவிட்டன. மான்ஹைமில் டைம்லர் பென்ஸ் இந்த லாரியைப் போட்டுக்கொண்டிருந்தது. இரும்புத் தட்டுப்பாடு, அதனால் மரச்சட்டமும் அழுத்திய அட்டையும் வைத்துக் கேபின்.

மாமனாரின் முகம் மலர்ந்தது. “பென்ஸா? அவன்கூடத்தானுங்களே நம்ம டாட்டா 1954-ல கூட்டுச் சேர்ந்தான். டாட்டா பென்ஸ் சேஸிஸ் மொட்டையா வருமுங்க, மரத்துலதான் கேபின் கட்டி அனுப்புவோம். ஜெர்மன்காரனும் நம்ம தொழிலுக்கு வந்துட்டானாக்கும்.” சைடு பலகையை நகத்தால் தட்டினார். “எல்லாஞ் சரிங்க. தார்ப்பாய்க்குக் கயிறு இழுத்துக் கட்டற கொக்கி எங்கீங்க? கொக்கியில்லாம லோடு ஏத்துனா தாம்பரம் தாண்டறதுக்குள்ள பாய் பறந்துருமுங்க.”

நம்மவருக்கு வியர்த்துவிட்டது. கிட்டில் கொக்கி இல்லை. புத்தகங்களைப் புரட்டினார். முன்பக்கப் படங்கள் ஏராளம், பக்கவாட்டில் பாய் கட்டிய படங்கள் இருந்தாலும் கொக்கி எத்தனை, என்ன இடைவெளி என்று எண்ணும்படி ஒன்றும் தேறவில்லை. ஹைதராபாத்காரரைக் கேட்கலாம், ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. வேலை நின்றுவிட்டது. மாமனார் ஊருக்குப் போகும்போது, “நாலு கொக்கி நானே வளைச்சுக் குடுக்கறனுங்க, கம்பி மட்டும் எடுத்து வைங்க” என்றார். நம்மவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆதாரம் வேண்டுமாம்.

ஆகவே, வாசகர்களில் யாரிடமாவது 1944 மாடல் ஓப்பல் பிளிட்ஸின் பின்பாடி, பாய் கட்டிய நிலையில், கொக்கி தெரிகிற மாதிரி போட்டோ இருந்தால் தயவுசெய்து கொடுத்து உதவுங்கள். பொங்கலுக்குள் கிடைத்தால் நல்லது. அந்த வீட்டில் நாலு பேர் இன்னும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.