அஞ்சு நிமிஷ அண்ணன்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் கீழே பூக்கடை, மேலே கணக்கர் அலுவலகம் என்று நிற்கும் கடைவீடுகளில் எந்தப் படியில் ஏறினாலும் அவர் இருப்பார். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஏறினாலும் இருப்பார். வயது நாற்பதை ஒட்டி. மேசையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ ஐஸ், காதில் பேனா. நாட்டின் மொத்த வருமான வரியும் தன்னை நம்பித்தான் நடக்கிறது என்ற கவலை முகத்தில். திரையில் மட்டும் கலர் மிட்டாய்கள் மூன்று மூன்றாக வெடித்துக்கொண்டிருக்கும்.

"நான் கேமெல்லாம் விளையாடுறதில்ல. சும்மா அஞ்சு நிமிஷம், மண்டைக்கு ரெஸ்ட்" என்பார்.

அவர் அகராதியில் இது பொய்யல்ல. கேம் விளையாடுகிறவன் வேறு ரகம். அவன் லோ யாட் பிளாசாவுக்குப் போய் விளக்கு எரியும் கீபோர்டு வாங்குவான், ராத்திரி மூன்று மணிக்கு ஹெட்போனில் யாரையாவது திட்டுவான். அண்ணன் எதையும் வாங்கமாட்டார், எதையும் டவுன்லோட் செய்யமாட்டார். பிரௌசரில் ஒரு டேப், அவ்வளவுதான். காசு கொடுத்து ஆடினால் கெட்ட பழக்கம், இலவசமாக ஆடினால் ஓய்வு. இப்படி ஒரு சட்டத்தை அவரே போட்டு, அவரே விசாரித்து, தினமும் தன்னை விடுதலை செய்துகொள்கிறார்.

அவருடைய இடது கையைத்தான் கவனிக்க வேண்டும். வலது கை மவுஸில் ஆடும்போது, இடது கை காவலுக்கு நிற்கும். கட்டைவிரல் ஆல்ட் பொத்தானில், நடுவிரல் டேப் பொத்தானில். பழைய மரப்படியில் பாஸ் ஏறி வரும்போது நடுவில் ஒரு படி முனகும். அந்த முனகல் போதும், மிட்டாய் மறைந்து எக்செல் வந்துவிடும். காலையில் திறந்த அதே ஷீட், கர்சர் அதே கட்டத்தில். பாஸ் தோளுக்குப் பின்னால் வந்து நிற்க, அண்ணன் புருவத்தைச் சுருக்கி ஒரு எண்ணை அழிப்பார். கொஞ்சம் யோசிப்பார். பிறகு அதே எண்ணைத் திரும்ப அடிப்பார்.

"என்னப்பா, பேங்க் கணக்கு டேலி ஆச்சா?"

"அஞ்சு வெள்ளி இடிக்குது பாஸ். எங்க போச்சுன்னு தேடிக்கிட்டு இருக்கேன்."

அந்த அஞ்சு வெள்ளி பல மாதங்களாகத் தேடப்பட்டு வருகிறது.

அண்ணனின் குலமுதல்வர் வெஸ் செர்ரி என்ற அமெரிக்கர். மைக்ரோசாப்டில் பயிற்சிக்கு வந்த இளைஞராக இருந்தபோது சொலிட்டேர் சீட்டாட்டத்தை எழுதியவர். 1990இல் விண்டோஸ் 3.0 உடன் அது வெளிவந்தது. சீட்டை இழுத்து வைக்கிற சாக்கில் ஜனங்கள் மவுஸ் பிடிக்கப் பழகட்டும் என்று காரணம் சொன்னார்கள். ஜனங்கள் நன்றாகவே பழகிவிட்டார்கள். செர்ரி அதில் இன்னொரு நல்ல காரியமும் செய்திருந்தார்: பாஸ் வந்தால் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், வேலை நடப்பது போன்ற போலித் திரை எழும். வெளியிடும் முன் மைக்ரோசாப்ட் அதை எடுக்கச் சொல்லிவிட்டது. உலகம் முழுக்க குமாஸ்தாக்கள் இடது கையைக் காவலுக்கு நிறுத்த வேண்டி வந்தது அதனால்தான். செர்ரிக்கு ராயல்டி என்று ஒரு காசும் கிடைக்கவில்லை என்பதை அண்ணன் சொந்தச் சித்தப்பாவுக்கு நேர்ந்த அநியாயம்போலச் சொல்வார்.

1515க்கு டயல் செய்து டிஎம்நெட்டில் நுழைந்த காலத்திலிருந்தே அவர் களத்தில் இருக்கிறார். அப்போது ஃபிளாஷ் ஆட்டங்கள். ஒரு விளையாட்டு திறப்பதற்குள் பக்கத்து வீட்டில் சோறு பொங்கிவிடும், அதற்குள் யாராவது ரிசீவரை எடுத்தால் எல்லாம் போச்சு. அந்த ஃபிளாஷை 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி கைவிட்டது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் ஊரே வீட்டில் அடைபட்டுக் கிடந்த வருடம் அது. அண்ணனும் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தார். ஆல்ட் டேப் மனைவியிடம் செல்லாது என்பதை அந்த வருடம்தான் கண்டறிந்தார்.

அவர் பெருமையோடு சொல்லும் ஒரு வரலாறு உண்டு. 2010 மே மாதம் பேக்-மேனின் 30ஆம் ஆண்டு நிறைவுக்காக கூகுள் தன் முகப்பிலேயே அந்த ஆட்டத்தை வைத்தது. அதில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செலவான நேரம் மொத்தம் 48 லட்சம் மணி என்று ரெஸ்க்யூடைம் என்ற நிறுவனம் கணக்குப் போட்டது. "அதுல நம்ம பங்கும் இருக்கு" என்பார், மாரத்தானில் ஓடி முடித்தவரைப்போல.

எதிர் மேசை அக்கா வேறு மாதிரி. அவர் வேர்டில் ஆள். ஜோஷ் வார்டில் 2021இல் ஊருக்குத் திறந்துவிட்டு, அடுத்த ஜனவரியிலேயே நியூயார்க் டைம்ஸுக்கு விற்றுவிட்ட அந்தச் சொல்லாட்டம், நாளுக்கு ஒன்றுதான் வரும். அக்கா காலையில் வந்ததும் முடித்து, பச்சைக் கட்டங்களைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, சாயங்காலம் வரை தலை நிமிரமாட்டார். அண்ணனுக்கு இது புரிவதே இல்லை. "நாளைக்கு ஒண்ணுன்னா அது மருந்தா, விளையாட்டா?"

அவர்மேல் எனக்கு ஓர் அனுதாபம் உண்டு. சிகரெட்காரர் கீழே இறங்குகிறார். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து சாப்பாட்டுக் கடைக்கு 3 மீட்டர் தள்ளி நின்றுதான் ஊதவேண்டும் என்பதால், போகும் வழியும் வரும் வழியும் சேர்த்து ஓய்வு நீள்கிறது. தே தாரேக் கோஷ்டி மமாக் கடைக்குப் போனால் பந்து, பாலிடிக்ஸ், பக்கத்து ஆபீஸ் போனஸ் என்று முக்கால் மணி நேரம். இவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, அது பழக்கவழக்கம். மேசையை விட்டு நகராமல் அஞ்சு நிமிஷம் ஆடுகிறவர் மட்டும் சோம்பேறி.

சட்டமும் அவர் பக்கம்தான், கொஞ்சம் கோணலாக. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவுப்படி, குறைந்தது 30 நிமிட ஓய்வு தராமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அந்த 30 நிமிடத்துக்குக் குறைந்த எந்த இடைவேளையும் 5 மணி நேரத் தொடர்ச்சியை அறுக்காது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே அஞ்சு நிமிஷம் என்பது சட்டத்தின் கண்ணில் ஓய்வே அல்ல. எத்தனை அஞ்சு நிமிஷம் போட்டாலும், அண்ணன் இடைவிடாமல் உழைத்துக்கொண்டிருக்கிறார்.

மாலையில் கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் கொமுட்டர் ஏறியதும் திரை சின்னதாகி உள்ளங்கைக்கு வரும். இங்கேதான் இலவசத்தின் விலை தெரியும். உயிர் போய்விட்டதா, 30 விநாடி விளம்பரம் பார், இன்னொரு உயிர் தருகிறோம். ஃபெடரல் ஹைவே ஜாமில் முன்கார் அரை விநாடி தாமதித்தால் ஹார்ன் அடிக்கும் மனிதர், ஷாம்பு விளம்பரத்தைக் கண் கொட்டாமல் பார்ப்பார். ஓரத்தில் ஸ்லாட் சூதாட்டக்காரர்களும் கண்ணடிப்பார்கள். அதற்கு மட்டும் அவர் மசியமாட்டார், காசு கேட்கிறார்களே. சுபாங் ஜெயா, ஷா ஆலாம், புக்கிட் பாடாக் எல்லாம் தாண்டி, நிமிர்ந்து பார்க்கும்போது வண்டி தெலுக் பூலாயில் நிற்கும். கிள்ளான் முந்தின ஸ்டேஷன்.

ஏப்ரல் 30 வரிக் கெடு நெருங்கும்போது முதலாளிகளுக்கு ஞானம் வந்து, இணையத்தைப் பிடுங்கிவிடலாமா என்று யோசிப்பது வழக்கம். அவர்களுக்கு ஒரு வார்த்தை. இணையம் அறுந்ததும் குரோமில் ஒரு டைனோசர் வரும். ஸ்பேஸ் பொத்தானைத் தட்டினால் ஓட ஆரம்பிக்கும். 2014இல் அதை உருவாக்கியவர்கள், ஆட்டம் முடிய 1 கோடியே 70 லட்சம் ஆண்டுகள் ஆகும் என்று வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த டைனோசரையும் முடக்க வழி உண்டு. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பாடத்தை விட்டு அதையே ஆடியதால், கணினிகளை நிர்வகிப்பவர்களுக்கு கூகுள் அந்த வசதியைக் கொடுத்திருக்கிறது. ஆனால் நம் கடைவீட்டு அலுவலகங்களில் கணினிக்கென்று தனி ஆள் ஏது? பிரிண்டர் சிக்கினாலும் வைஃபை படுத்தாலும் பாஸ் கூப்பிடுவது அண்ணனைத்தான்.