மன்னர் கேட்கும் சீதனம்

கல்யாணத்துக்குக் காசு கேட்பது காட்டுமிராண்டித்தனம் என்று நம்மவர்களுக்கு வகுப்பெடுத்த நாடு பிரித்தானியா. வகுப்பை முடித்துவிட்டு அதே வாத்தியார் இப்போது வாசலில் கல்லாப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிரித்தானியக் குடியுரிமை உள்ள ஒருவர் யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ மணிலாவிலோ கல்யாணம் கட்டித் துணையைக் கூட்டிவர வேண்டுமானால் ஆண்டுக்கு 29,000 பவுண் சம்பளம் காட்ட வேண்டும். நம்மூர்ச் சீதனக்காரரிடம் பேரமாவது பேசலாம். காணி இல்லையா, நகையைக் கூட்டிப் போடு. நகையும் இல்லையா, இரண்டு வருடம் தவணை வைத்துக்கொள் என்று கொஞ்சம் இறங்கி வருவார். உள்துறை அமைச்சு இறங்காது. மன்னரின் பெயரால் கேட்கப்படும் சீதனம் அது.

வழிகள் இல்லையா என்று கேட்காதீர்கள். தாராளமாக இருக்கின்றன. கல்யாணம் கட்டிவிட்டுக் கூப்பிடலாம். கட்டாமலே இரண்டு வருடம் தம்பதிபோல உறவில் இருந்ததாக நிரூபித்துக் கூப்பிடலாம். அந்த நிரூபணத்தை நம் வீடுகளில் திரட்டப் புறப்பட்டால் விசா வருமுன் அம்மா மயங்கி விழுவார். வந்து கட்டுகிறோம் என்று சொல்லி வருங்காலத் துணையாகவும் கூப்பிடலாம். ஆறு மாதம் தருவார்கள். அந்த ஆறு மாதமும் வேலை செய்யக் கூடாது. கல்யாணம் முடிந்ததும் மறுபடி படிவம், மறுபடி கட்டணம். வாசல் மூன்று, மூன்றிலும் அதே கல்லாப்பெட்டி.

சம்பளம் போதாதவர் சேமிப்பைக் காட்டலாம் என்று ஒரு சலுகையும் உண்டு. சம்பளமே இல்லையென்றால் 88,500 பவுணை ஆறு மாதம் அசையாமல் வங்கியில் வைத்திருக்க வேண்டும். 29,000 சம்பாதிக்க முடியாதவன் 88,500ஐச் சேமித்து வைத்திருப்பான் என்று எந்த மேதை கணக்குப் போட்டாரோ தெரியவில்லை. வரப்போகிற மனைவி ஊரில் டொக்டராக இருந்து கை நிறையச் சம்பாதித்தாலும் அந்தச் சம்பளம் கணக்கில் சேராது. கடல் தாண்டிய அவளுடைய சம்பளம் சம்பளமே இல்லை.

இந்த வியாபாரம் 2012 ஜூலையில் தொடங்கியது. அப்போது உள்துறை அமைச்சராக இருந்தவர் தெரசா மே. விலை 18,600. வெளிநாட்டு மனைவி வந்து வரி கட்டுபவர் தலையில் சுமையாக விழக்கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். நியாயம்தானே என்று தலையாட்டுமுன் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த விசாவில் வருகிறவருக்கு அரச உதவிப் பணம் எடுக்க அனுமதியே கிடையாது. விசாவிலேயே அப்படி எழுதிவிடுகிறார்கள். எடுக்க முடியாத பணத்தை எடுத்துவிடுவாளோ என்று பயந்து அவளை வாசலிலேயே மறிக்கிறார்கள்.

2023 டிசம்பர் 4 அன்று ஜேம்ஸ் கிளெவர்லி என்ற அமைச்சர் எழுந்து இனி விலை 38,700 என்று அறிவித்தார். கல்யாண மண்டபத்துக்கு முற்பணம் கட்டியிருந்தவர்கள் வெலவெலத்துப் போனார்கள். கூச்சல் பெரிதாகவே, நத்தாருக்கு நாலு நாள் முன்னர், மேலவையில் ஓர் எழுத்துப் பதிலின் மூலையில், முதலில் 29,000 போதும், மிச்சத்தைப் படிப்படியாகக் கூட்டுவோம் என்று சத்தமில்லாமல் இறங்கினார்கள். 29,000 எங்கிருந்து வந்தது? ஒரு குடும்பம் சாப்பிட்டு உடுத்து வாழ எவ்வளவு வேண்டும் என்று பார்த்து வந்ததல்ல. வெளிநாட்டுத் திறன்சார் பணியாளர்களை எடுக்கத் தகுதியான வேலைகளின் சம்பளங்களை வரிசையாக அடுக்கி, கீழிருந்து கால்வாசியில் விரல் வைத்து எடுத்த எண் அது. மனைவியைக் கூட்டிவருவதும் கம்பெனிக்கு எஞ்சினியர் எடுப்பதும் இவர்களுக்கு ஒன்றுதான்.

2024 ஏப்ரல் 11 அன்று இது அமுலுக்கு வந்தது. அன்றைக்கு இங்கிலாந்தின் அரச மருத்துவமனையில் புதிதாகச் சேரும் தாதியின் தொடக்கச் சம்பளம் 28,407 பவுண். அதாவது அமைச்சர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆஸ்பத்திரியில் அவருக்கு ஊசி போடுகிறவளுக்குத் தன் கணவனோடு வாழ 593 பவுண் தகுதி குறைவு. சில மாதங்களில் அந்தச் சம்பளம் உயர்ந்தது என்பது வேறு கதை. சட்டம் எழுதியவர்கள் அதை எதிர்பார்த்து எழுதவில்லை. அதே மாதம் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44. அந்தக் கூலியில் 29,000ஐத் தொட ஒருவர் வருடம் முழுக்க, சம்பளமில்லாத லீவு ஒரு கிழமைகூட எடுக்காமல், கிழமைக்கு 48 மணி 45 நிமிடம் உழைக்க வேண்டும். இந்த நாட்டின் தொழிற்சட்டம் சொல்கிற சராசரி உச்சவரம்பு 48 மணி. தானாக முன்வந்து கையெழுத்து வைத்தால் மீறலாம். மனைவி வேண்டுமென்றால் கையெழுத்து வை.

இனி கட்டணச் சீட்டு. 2025 ஏப்ரல் விலைப்படி வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்க 1,938 பவுண். கூடவே சுகாதார மேல்வரி, 33 மாத விசாவுக்கு 3,105. பிறகு நீட்டிப்பு 1,321. அதற்கும் மேல்வரி 2,587.50. ஐந்தாம் வருடம் நிரந்தர வதிவிடத்துக்கு 3,029. கூட்டினால் 12,000 பவுணுக்கு இருபது பவுண்தான் குறைவு. ஆங்கிலச் சோதனை, காசநோய்ச் சோதனை, நாட்டறிவுச் சோதனை, வழக்கறிஞர் எல்லாம் தனி. 2015இல் ஆண்டுக்கு 200 பவுணாகத் தொடங்கிய சுகாதார மேல்வரி இப்போது 1,035. வேலைக்குப் போகிற மருமகள் எல்லாரையும்போல வருமான வரியும் கட்டுகிறாள், தேசிய காப்புறுதியும் கட்டுகிறாள், அதற்கு மேல் இதையும் கட்டுகிறாள். ஒரே மருந்துக்கு இரண்டு பில்.

காசு உள்ளவனுக்கு இந்த நாடு என்றைக்குமே இப்படி முகம் சுளித்ததில்லை. 2008 முதல் 2022 பெப்ரவரி வரை முதலீட்டாளர் விசா என்று ஒன்று இருந்தது. அதன் கடைசி ஆண்டுகளில் இருபது லட்சம் பவுண் கொண்டு வந்தால் ஐந்து வருடத்தில் நிரந்தர வதிவிடம். ஒரு கோடி கொண்டு வந்தால் இரண்டே வருடத்தில். பிரித்தானியரைக் கட்டிய பாவத்துக்குத் தாதியின் கணவன் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். காசைக் கட்டிக்கொண்டு வந்தவனுக்கு இரண்டு போதும்.

காசு சரியாகிவிட்டது என்று வையுங்கள். அடுத்து, நீங்கள் காதலிப்பதை நிரூபிக்க வேண்டும். நம் பேச்சுக் கல்யாணங்களில் சாதகம் பொருந்தும், இரண்டு தரம் பார்த்துக்கொள்வார்கள், தாலி ஏறும், காதல் பிறகு வரும், சில வீடுகளில் வராமலும் போகும். அதிகாரிக்கோ காதல் முன்கூட்டியே, திகதி போட்டு, வரிசையாக வேண்டும். வட்ஸ்அப் உரையாடல்களை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். தமிழில் கொஞ்சியிருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்போடு. கல்யாண அல்பத்தில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் சிரிக்காமல், ஓரடி தள்ளி நிற்பது நம் மரபு. இப்போது யாழ்ப்பாணத்துப் படக்காரரே விசா ஆலோசகராகிவிட்டார். "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ. லண்டன்காரன் நம்ப வேணும்." காலிமுகத்திடலில் ஐஸ்கிரீமோடு ஒரு படம், நல்லூர் வீதியில் ஒரு படம், மாமியாரோடு ஒரு படம். கடைசிப் படத்தில் மட்டும் யாரும் நடிக்கத் தேவையில்லை.

சிரிக்கிறோம். ஆனால் இந்தச் சந்தேகத்தின் வரலாறு சிரிக்கக்கூடியதல்ல. 1979 ஜனவரியில் இந்தியாவிலிருந்து ஹீத்ரோவில் வந்திறங்கிய 35 வயது ஆசிரியை ஒருவர் இங்குள்ள தன் வருங்காலக் கணவரை மணக்க வந்ததாகச் சொன்னார். மணக்க வருகிறவருக்கு முன்கூட்டிய அனுமதி தேவையில்லை. ஏற்கெனவே மனைவியாக இருந்தால் தேவை. அவர் உண்மையிலேயே கல்யாணம் ஆகாதவரா என்று கண்டுபிடிக்க இந்தப் பண்பட்ட அரசு தேர்ந்தெடுத்த வழி, ஓர் ஆண் மருத்துவரைக் கொண்டு அந்தப் பெண்ணுக்குக் கன்னிமைச் சோதனை செய்வது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் சம்மதித்தார். செய்தி வெளியானபோது ஏதோ விதிவிலக்காக நடந்ததுபோல அரசு பேசியது. 2011இல் பழைய கோப்புகளைத் தோண்டிய ஆய்வாளர்கள், துணைக்கண்டத்துத் தூதரகங்களையும் சேர்த்துக் குறைந்தது 80 பெண்களுக்கு இது நடந்ததைக் கண்டுபிடித்தார்கள். எந்த வெட்கமும் இல்லாமல் இதைச் செய்தவர்களின் வாரிசு அலுவலகம்தான் இன்றைக்கு உங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்து உண்மையா பொய்யா என்று தீர்மானிக்கிறது.

1980களில் வேறொரு வித்தை வந்தது. இந்தக் கல்யாணத்தின் முதன்மை நோக்கம் பிரித்தானியாவில் குடியேறுவது அல்ல என்று விண்ணப்பதாரரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி. கட்டினவளோடு வாழ வருகிறேன் என்றால், ஓகோ, வருவதுதான் நோக்கமா? 1997இல் அது ஒழியும்வரை இந்தக் கேள்விக்குச் சரியான பதில் ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த அரசின் கெட்டித்தனத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 1985ஐப் பாருங்கள். இங்கே குடியிருக்கிற ஆண் மனைவியைக் கூட்டிவரலாம், பெண் கணவனைக் கூட்டிவர முடியாது என்றிருந்த பாகுபாட்டை எதிர்த்து மூன்று பெண்கள் ஸ்ட்ராஸ்பேர்க் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். வென்றார்கள். அரசு தீர்ப்பை மதித்தது. எப்படி? பெண்களுக்கு உரிமையைக் கொடுத்தல்ல, ஆண்களுடையதைப் பறித்து. சமத்துவம் வந்துவிட்டது, இருபாலார் முகத்திலும் ஒரே கதவு.

அதே வித்தையைப் பிறகும் காட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி லண்டனில் வேலை செய்த போலந்துக்காரர் எந்த வருமான வரம்பும் இல்லாமல் மனைவியைக் கூட்டிவர முடிந்தது; லண்டனிலேயே பிறந்தவரால் முடியவில்லை. புத்திசாலிகள் அயர்லாந்துக்குப் போய்ச் சில மாதம் வேலை செய்து, துணையை அங்கே வரவழைத்து, ஐரோப்பியச் சட்டத்தின் நிழலில் கையோடு கூட்டிக்கொண்டு திரும்பினார்கள். 1992இல் வந்த ஒரு தீர்ப்பால் அதற்குச் சுரிந்தர் சிங் வழி என்றே பெயர். சொந்த நாட்டுக்குள் மனைவியோடு நுழைய அயல்நாட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. பிரெக்சிட் வந்தது. வெளியார் உரிமை, உள்ளார் உரிமை என்ற அநியாயம் நீங்கியது. 2022 மார்ச்சில் சுரிந்தர் சிங் வழியும் மூடப்பட்டது. இப்போது புதிதாகக் கட்டுகிறவர் யாருக்கும் அந்த உரிமை இல்லை.

நம்மவர்களை மட்டும் விட்டுவிடுவதா? பெற்றோல் ஸ்டேசனிலும் மூலைக்கடையிலும் கிழமைக்கு அறுபது மணி நிற்கிற பெடியனுக்குப் பேப்பரில் காட்டுகிற சம்பளம் பதினாறு மணிக்கு. மிச்சம் கையில் காசு. கல்யாணம் நிச்சயமான அன்றைக்கு அவன் முதலாளி முன்னால் போய்த் தலையைச் சொறிகிறான். "அண்ணை, ஆறு மாதத்துக்காவது முழுச் சம்பளத்தையும் பேஸ்லிப்பில காட்டுங்கோ." முதலாளியின் பதில் எல்லாக் கடையிலும் ஒன்றுதான். "அதுக்குரிய வரிய ஆர் தம்பி கட்டுறது?" அண்ணை கோயில் திருவிழா உபயகாரர். தன் மனைவியை 1990களில் எந்த வருமான வரம்பும் இல்லாமல் கூட்டி வந்தவர். போன தேர்தலில், வெளிநாட்டுக்காரர் வரத்துக் கூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வாக்குப் போட்டவரும் அவரே. தாய்வழியில் மொரிசியஸ் தமிழ் வேர் கொண்ட சுவெல்லா பிரேவர்மன் உள்துறை அமைச்சராக இருந்து, ருவாண்டாவுக்கு அகதிகளை ஏற்றிய விமானம் கிளம்பும் செய்தியை முதற்பக்கத்தில் பார்ப்பதே தன் கனவு என்று சொன்னபோது அதிர்ந்தவர்கள், நம் கடைத்தெருவுக்கு வந்து பார்த்திருந்தால் அதிர்ந்திருக்க மாட்டார்கள்.

இதற்கிடையில் பிள்ளைகள் வளர்கின்றன. தகப்பனைத் திரையில் மட்டும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு 'ஸ்கைப் குடும்பங்கள்' என்று இங்கிலாந்தின் சிறுவர் ஆணையாளர் 2015இலேயே பெயர் வைத்தார். 2017இல் உச்ச நீதிமன்றம் விசாரித்தது. பிள்ளைகளின் நலனை விதிகள் சரியாகக் கவனிக்கவில்லை என்று கண்டித்தது; வருமான வரம்பு மட்டும் கொள்கையளவில் சட்டபூர்வமே என்று விட்டுவிட்டது. ஆட்சி மாறியது. தொழிற்கட்சி 38,700ஐ நோக்கிய ஏற்றத்தை நிறுத்தி வைத்து, நிபுணர் குழுவிடம் கருத்துக் கேட்டது. 2025 ஜூனில் குழு பதில் கொடுத்தது: திறன்சார் பணியாளர் சம்பளத்தைக் குடும்ப விசாவுக்கு அளவுகோலாக வைக்காதீர்கள், 23,000 முதல் 25,000 வரை போதும் என்பதும் அது முன்வைத்த வழிகளில் ஒன்று. கேட்டவர்கள் கேட்டதோடு சரி.

ஜனவரியில் தைப்பொங்கல் விழாக்களுக்கு எம்.பி.மார் வருவார்கள். வேட்டியும் கட்டுவார்கள், பானையையும் கிண்டுவார்கள், வணக்கமும் சொல்வார்கள். செல்ஃபி எடுக்குமுன் அவர்களிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: அந்த 29,000ஐ எப்போது எடுப்பீர்கள்? திகதி சொல்லாதவருக்கு மாலை போடாதீர்கள்.