முன்வரிசைக் கச்சேரி

பெறுநர்: நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவர் அவர்கள், தங்கள் மேலான தொலைக்காட்சி.
பொருள்: தீபாவளிச் சிறப்புத் திரையிசை நிகழ்ச்சி – நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மழைக்கு முன் நடந்த கச்சேரியைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து, பண்டிகையன்று மூலையில் 'லைவ்' என்று சிவப்பு எழுத்துடன் ஒளிபரப்பினீர்கள். அதுவரை நேரலை என்றால் உடனுக்குடன் வருவது என்றே எண்ணியிருந்தேன்.

முதலில் முன்வரிசைக்கு என் நன்றி. ஒரு பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு புல்லாங்குழல் துணுக்கு வருமே, ரெக்கார்டில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்தது, அதை மேடையில் ஒரு மனிதர் மூச்சுப்பிடித்து வாசிப்பதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். குழல் தொடங்கியது. கேமரா ஒரு நடிகரிடம் போனது. கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். அடுத்து அவர் மனைவி. அதற்கடுத்து, கைபேசியில் ஏதோ தேடிக்கொண்டிருந்த தயாரிப்பாளர். குழல்காரர் வாசித்து முடித்து உதட்டைத் துடைத்துக்கொள்ளும்போதுதான் கேமராக்களை மாற்றும் ஸ்விட்சரில் இருந்தவருக்கு அவர் ஞாபகம் வந்தது. துடைப்பதை மட்டும் குளோஸப்பில், துல்லியமாகக் காட்டினீர்கள்.

அதே நடிகர், அதே நீலச் சட்டை, கையில் அதே பாதி காலியான தண்ணீர் பாட்டில், சோகப் பாட்டில் கண் கலங்கினார். நான்கு பாட்டு தள்ளி ஒரு குத்துப் பாட்டிலும் அதே கண்ணீரை விட்டார். உங்கள் எடிட்டர் ஒரு சொட்டைக்கூட வீணாக்குவதில்லை.

வயலின்காரர்கள் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜிம்மி ஜிப் என்னும் கிரேன் கேமரா அவர்கள் தலைக்கு மேல் பறந்துபோனபோது எல்லாருடைய உச்சந்தலையையும் தரிசித்தோம். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடக்கும் ப்ராம்ஸ் கச்சேரிகளைக் காட்ட பிபிசிக்காரர்கள் படும் பாட்டை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. இசைக்குறிப்பிலேயே ஷாட்டுகளைக் குறித்துவைத்து, ஒருவர் அதைப் பார்த்து எண்ணிச் சொல்லச் சொல்ல, ஓபோ ஒலிக்கும் முன்பே கேமரா ஓபோக்காரர் முகத்தில் போய் நிற்குமாம். பாட்டைத் தெரிந்த ஒருவரைக் கட்டுப்பாட்டு அறையில் உட்காரவைப்பதெல்லாம் வீண் செலவு. அந்த நாற்காலியில் ஸ்பான்சரின் மைத்துனர் உட்காரலாம்.

ஒலியைப் பற்றியும் சொல்லவேண்டும். மைதானத்து ஸ்பீக்கர்களுக்காகச் செய்த கலவை வீட்டு டிவிக்கு ஆகாது என்பார்கள். ஒவ்வொரு மைக்கையும் தனித்தனித் தடத்தில் பதிந்து, கூட்டத்தின் சத்தத்துக்கென்று வேறு மைக் வைத்து, பிறகு உட்கார்ந்து கலக்கவேண்டுமாம். தாங்கள் அந்த மாயைக்குள் போகவில்லை. பாடகர் எங்கள் காதுக்குள் பாடினார், டிரம்ஸ் பக்கத்துத் தெருவில் கேட்டது. பல்லவியை மைதானமே திருப்பிப் பாடிய இடத்தில் வாய்கள் மட்டும் அசைந்தன.

முக்கியமான இடத்தில் கேமராவைத் திருப்பிக்கொள்வதில் தங்களுக்கு முன்னோடி உண்டு. 2005 ஜூலை 2, லைவ் 8 கச்சேரி. லண்டன் ஹைட் பார்க்கில் பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழு. ரோஜர் வாட்டர்ஸும் டேவிட் கில்மரும் கசப்பை விழுங்கிக்கொண்டு 24 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே மேடையில். கடைசியாக 'கம்ஃபர்ட்டப்ளி நம்', அதன் முடிவில் கில்மரின் கிதார். அமெரிக்காவில் அதைக் காட்டிய எம்டிவி, சரியாக அங்கே வெட்டியது. அன்று முழுக்கத் தொகுப்பாளர்களின் அரட்டையும் விளம்பரமும்தான். 2008இல் அந்தக் குழுவின் ரிச்சர்ட் ரைட் இறந்துபோனார். குழுவின் நால்வரும் சேர்ந்து வாசித்த கடைசி மேடை அது. ஆனால் எம்டிவியிடம் உறுதி போதாது. நேயர்கள் திட்டித் தீர்த்ததும், ஒரே வாரத்தில் விளம்பரமே இல்லாமல் ஐந்து மணி நேரம் மறுபடி போட்டுவிட்டது. தாங்கள் அப்படிப் பணிந்துபோகிற ஆளில்லை.

கேபிள் டிவி விதிகள் மணிக்கு 12 நிமிடம்தான் என்கின்றன: விளம்பரத்துக்கு 10, சொந்தப் புராணத்துக்கு 2. பாட்டு ஓடும்போதே பக்கத்தில் விளம்பரத்தை ஒட்டும் எல்-பேண்டைக் கண்டுபிடித்தவர் வாழ்க. பாடகி மேல் ஸ்தாயிக்கு ஏற ஏறத் திரை சுருங்கி, இடப்பக்கமும் கீழேயும் பட்டுச்சேலை விரிந்தது. சேலையின் சரிகை தெளிவாக இருந்தது. பாடகி கட்டியிருந்தது என்ன நிறமென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் நேயர்

பி.கு.: இதையே பொங்கலுக்கும் போடப்போவதாகத் திரையின் அடியில் எழுத்து ஓடியது. 'தொலைக்காட்சியில் முதன்முறையாக' என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். அன்றைக்காவது கச்சேரியைக் காட்டினால், அது முதன்முறைதானே.