மாப்பிள்ளைக்குப் புரட்டாசி கிடையாது

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். மூன்று வருடம் ஆகிறது. தலை தீபாவளிக்கு வந்தவர் போலவே இன்றும் இருக்கிறார். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுவதில்லை, யாரைப் பார்த்தும் முகம் மலர்வதில்லை, இறால் வரும் நேரம் மட்டும் துல்லியமாகத் தெரியும். நீளம் ஐந்து அங்குலம். உடம்பெல்லாம் சிவப்பும் பழுப்புமாகப் பட்டை, கன்னத்துக்கு இரண்டு பக்கமும் பனையோலை விசிறி மாதிரி செட்டை, முதுகில் வரிசையாக முள். ‘ட்வார்ஃப் லயன் ஃபிஷ்’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். குட்டைச் சிங்கமீன்.

கொளத்தூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளுக்கு இரண்டு கோல்ட் ஃபிஷ் வாங்கப் போனேன். போன இடத்தில் இவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சின்ன சைஸ்தான் சார். பெரிய லயன் மாதிரி ஒண்ணேகால் அடியெல்லாம் வளராது. இது மிஞ்சிப் போனா ஏழு இஞ்ச். தொந்தரவே இல்லை, வெச்ச இடத்துல அப்படியே உட்கார்ந்திருக்கும்” என்றார் கடைக்காரர். இன்றுவரை அதில் ஒரு வார்த்தையைக்கூடப் பொய் என்று சொல்ல முடியவில்லை. அவர் உட்கார்ந்துதான் இருக்கிறார். நான்தான் அதற்கப்புறம் உட்காரவில்லை.

விலையை இங்கே எழுதப்போவதில்லை. என் மனைவியும் பத்திரிகை படிக்கிறவள்.

முதலில் கடல் வேண்டும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று தொட்டி செய்தால், கடல் கிட்டத்தட்ட நூற்றுத்தொண்ணூறு லிட்டர் பிடிக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கிற உப்பைக் கலக்க வேண்டும். மொத்தம் ஆறரைக் கிலோவுக்கு மேல். நான் வாளியில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருப்பதை அம்மா வெகுநேரம் பார்த்தாள். தூத்துக்குடியில் உப்பளத்துக்கு எதிரே பிறந்து வளர்ந்தவள்.

“என்னல பண்ணுத?”

“கடல் தண்ணி தயார் பண்றேம்மா.”

“காசிமேடு இந்தா கெடக்கு. கடலு அங்கதான இருக்கு?”

சென்னைக் கரையோரத் தண்ணீரில் கூவமும் அடையாறும் கொண்டுவந்து சேர்ப்பதையெல்லாம் விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். பிறகு உப்பு டப்பாவைத் திருப்பி விலையைப் பார்த்தாள். உப்பளத்துக்காரர்கள் பேரத்தில்கூடக் கேட்டிராத விலை. டப்பாவை வைத்துவிட்டு, “எங்க ஊர்ல தெரிஞ்சா சிரிப்பாவ” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தண்ணீர் தயாரானதும் மீனை விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். விடக்கூடாது. மீனின் கழிவு அம்மோனியாவாகும், அம்மோனியா மீனைக் கொல்லும். அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் தொட்டியில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை வெறும் தொட்டிக்கு விளக்குப் போட்டு, பம்ப் போட்டு, மின்கட்டணம் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். வந்தவர்களெல்லாம் “மீன் எங்கே?” என்றார்கள். “வரும்” என்றேன். சீக்கிரம் முடிக்க வழி கேட்டபோது ஒரு நண்பர் தன் பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சைக் கொஞ்சம் பிழிந்து பாட்டிலில் கொடுத்தார். அந்தக் கலங்கல் தண்ணீரை நான் பயபக்தியோடு ஊற்றுவதைப் பார்த்த அம்மாவுக்கு ஒரே நொடியில் விஷயம் விளங்கிவிட்டது. “உறை ஊத்துதான்” என்று என் மனைவியிடம் சொன்னாள். நான் மூன்று வாரம் படித்துப் புரிந்துகொண்டதை.

அன்றிலிருந்து அம்மா தொட்டி விஷயத்தில் தலையிட ஆரம்பித்தாள். தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறையும். தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீர்தான் விட வேண்டும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் செய்யும் முதல் தப்பு, உப்புத் தண்ணீரையே விட்டு நிரப்புவது. நானும் செய்தேன். ஒருநாள் அம்மா தொட்டிக்குள் சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். “உப்புத் தூக்கலா இருக்கு. கொழம்பு வத்திப்போச்சுன்னா சும்மா தண்ணிதான விடணும்?” ஹைட்ரோமீட்டரை எடுத்துப் பார்த்தேன். 1.025 இருக்க வேண்டிய இடத்தில் 1.028. அந்தக் கருவியும் இலவசமாக வரவில்லை.

பிறகு சில்லர். இவர்களுக்கு 24 முதல் 26 டிகிரி வரை சுகம். மே மாதப் பெரம்பூரில் ஹாலில் வைத்த தண்ணீர் தானாகவே 33 டிகிரிக்குப் போகும். ஆகவே தண்ணீரைக் குளிர வைக்க ஒரு மெஷின். அது தண்ணீரிலிருந்து எடுக்கிற சூட்டை எங்கேயாவது விட வேண்டுமே, ஹாலில் விடும். கத்திரி வெயிலில் மாப்பிள்ளை ஏசியில் இருக்க, அவருடைய வெப்பக்காற்றை ஃபேன் போட்டு நாங்கள் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்கிறோம்.

துணைக்கு இருக்கட்டும் என்று ஒரு நீல டாம்செல் மீனை விட்டேன். சுறுசுறுப்பான குட்டி. மறுநாள் காலை தொட்டியில் இல்லை. ஸ்கிம்மருக்குள் தேடினேன், கல்லுக்கு அடியில் தேடினேன், சோபாவுக்குக் கீழே டார்ச் அடித்துத் தேடினேன். மாப்பிள்ளை வழக்கமான மூலையில் உட்கார்ந்திருந்தார். வயிறு மட்டும் வழக்கத்துக்குச் சற்று அதிகம். அவர் வாய் கொள்ளும் அளவுள்ள எதுவும் அவருக்குத் துணை இல்லை, சாப்பாடு என்பது எனக்கு முன்பே எச்சரிக்கப்பட்ட விஷயம். வாய் அவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்பதைத்தான் நான் நம்பவில்லை. விசிறி இரண்டையும் விரித்து இரையை மூலைக்கு ஒதுக்குவார், வாயைத் திறப்பார், இரை இருக்காது. நடுவில் நடந்ததைக் கண்ணால் பிடிக்க முடியாது.

இரை அசைந்தால்தான் அவருக்கு இரை. செத்த இறாலைப் போட்டால், கல்யாணப் பந்தியில் பாயசம் ஆறிப்போன சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோல்ட் ஃபிஷ் மாதிரியான நன்னீர் மீனை உயிரோடு போட்டுப் பழக்கினால் நாளடைவில் ஈரல் கெட்டுச் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே முதலில் உயிருள்ள பொடி இறால், பிறகு மெல்ல மெல்ல ஃப்ரீஸர் இறால் என்று பழக்க வேண்டும். நீள இடுக்கியில் இறால் துண்டைப் பிடித்து அவர் முன்னால் நான் பத்து நாள் பொம்மலாட்டம் ஆடினேன். தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். பதினோராவது நாள் அம்மா இடுக்கியை வாங்கினாள். விளக்கை அணைக்கச் சொன்னாள். தெருவிளக்கு வெளிச்சம் மட்டும் இருந்தது. “இந்தா பாருய்யா... இந்தா ஓடுது பாரு... அதோ நிலா...” என்று இறாலைத் துள்ள வைத்தாள். லபக். எனக்கும் அப்படித்தான் ஊட்டினாளாம்.

அந்தி மசங்கின பிறகு இரை தேடுகிற ஜாதி என்று அவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் தினம் ஊட்ட ஆரம்பித்துவிட்டாள். வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை போதும், அதிகமானால் கொழுப்பு ஏறிச் செத்துப்போகும் என்று மன்றாடினேன். “வீட்டுக்கு வந்த புள்ளைய பட்டினி போடச் சொல்லுதியா?” மாப்பிள்ளையோ அவள் புடவை நிறம் தெரிந்தாலே கண்ணாடிக்கு வந்து ஒட்டிக்கொண்டு, ஜென்மத்தில் சாப்பிடாதவர் போல வாயைப் பிளந்து நிற்பார். கடைசியில் காலண்டரைப் பார்த்துச் சமரசம் ஆயிற்று. செவ்வாய், வெள்ளி, சனி எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. திங்கள் அம்மாவுக்கு விரதம். வியாழன் மனைவிக்குப் பாபா. மிச்சம் புதனும் ஞாயிறும். உலகத்தில் வேறெந்தக் கடல்மீனும் இவ்வளவு ஆசாரமாக வளர்வதாக எனக்குத் தெரியவில்லை.

குத்தியதைச் சொல்லாமல் விட முடியாது. முதுகில் பதின்மூன்று, வயிற்றுப் பக்கம் இரண்டு, பின்னால் மூன்று என்று பதினெட்டு விஷமுள். துரத்தி வந்து குத்துகிற ஜாதி இல்லை, நாம்தான் போய் இடித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிப் பாசியைத் தேய்க்கக் கையை விட்டேன். அவர் இடது மூலையில் இருக்கிறார் என்று எண்ணம். அவரோ வலப்பக்கக் கல்லுக்கு அடியில் வௌவால் மாதிரி தலைகீழாக ஒட்டியிருந்தார். ஆட்காட்டி விரலில் சுருக்கென்றது. அடுத்த நிமிடம் முழங்கை வரை யாரோ சம்மட்டியால் அடித்தார்கள். நான் போட்ட சத்தத்துக்கு மேல்மாடிக்காரர் இறங்கி வந்தார். அம்மா பேசாமல் போய் வெந்நீர் கொண்டுவந்தாள். “கெளுத்தி குத்தினா எங்கூர்ல இதாம் மொதல்ல.” அதுதான் சரியான முதலுதவியும்கூட. விஷம் புரதம், சூட்டில் சிதையும். 45 டிகிரி போல, பொறுக்கிற சூடு. வலியில் துடிக்கிற கைக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். அதனால் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி தன் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே என் கையை முக்கினாள். அரைமணிக்குப் பிறகுதான் எனக்கு மனிதர் முகம் தெரிந்தது. அதற்கப்புறம் டாக்டர்.

“என்ன கடிச்சுது?” என்று நர்ஸ் கேட்டார்.

“சிங்கம்...” என்று ஆரம்பித்தேன். பேனா நின்றுவிட்டது. “...மீன். கடிக்கல, குத்திடுச்சு.”

“எங்கே?”

“ஹால்ல.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: “அதுக்கு முள்ளு ஒண்ணும் ஒடியலியே?”

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தெருவில் முழங்கால் தண்ணீர், இரண்டு நாள் கரண்ட் இல்லை. பம்ப் நின்றால் தண்ணீரில் காற்று குறைந்து மீன் மூச்சடைத்துவிடும். பேட்டரி பம்ப் முதல் ராத்திரியே உயிரை விட்டது. பிறகு அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு, கை உயரத்திலிருந்து நுரைக்க நுரைக்க ஊற்றினாள். காபி ஆற்றுவதுதான். தண்ணீரில் காற்றுக் கலக்க அதைவிட நல்ல வழி இல்லை. முறை போட்டுக்கொண்டு அவள், நான், மனைவி, மகள் எல்லோரும் விடிய விடிய ஆற்றினோம். எங்களுக்குக் குடிக்க ஒரு வாய் காபி இல்லாத ராத்திரி அது. மாப்பிள்ளை ஒருமுறை கொட்டாவி விட்டார்.

பெரிய சிங்கமீன்கள் 1985 வாக்கில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா கடலில் முதன்முதலாகத் தென்பட்டன. யாரோ வீட்டுத் தொட்டியில் வளர்த்துச் சலித்துக் கடலில் விட்டவை என்றுதான் நம்பப்படுகிறது. அங்கே அதைத் தின்ன ஆளில்லை. அது மட்டும் எல்லாவற்றையும் தின்று கரிபியன் முழுக்கப் பெருகிவிட்டது. விஷம் முள்ளில்தான், சதையில் இல்லை, பிடித்துத் தின்னுங்கள் என்று இப்போது அரசாங்கமே ஊக்கப்படுத்துகிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். சற்று யோசித்தாள். “அவுகளுக்குக் கொழம்பு வைக்கத் தெரியாது. அதாம்” என்றாள். பிறகு சட்டென்று தொட்டிப் பக்கம் திரும்பி, “உன்னச் சொல்லலய்யா” என்றாள்.

இப்போது புரட்டாசி. ஃப்ரீஸரைக் கழுவி, பச்சைப் பட்டாணியும் தேங்காய்த் துருவலும் மட்டும் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை இறால் எதிர்வீட்டு அக்காவின் ஃப்ரீஸரில் தங்கியிருக்கிறது. “ஒரு மாசம் அதுவும் சைவமா இருந்தா என்ன அத்தை?” என்று என் மனைவி கேட்டுப் பார்த்தாள். “கடல்ல இருக்கிறதுக்கு ஏது புரட்டாசி?” என்று தீர்ப்பாகிவிட்டது.

இன்று புதன்கிழமை. அவருக்கு இறால். எங்களுக்கு மிளகு ரசம், அப்பளம்.